“காசு போயிடுச்சுண்ணே, உங்களுக்கு வரலியா?” – கல்லால புதுசா உக்காந்தவங்களுக்கு

புரசைவாக்கம் ஹை ரோட்டுலேர்ந்து உள்ள போற ஒரு சந்துல ஸ்டேஷனரி, ஸ்கூல் பேக் கடை வெச்சிருக்கேன். போன மாசம் மச்சினன் பையன் கொளத்தூர்ல புதுசா கடை போட்டான், திறந்து நாலு நாள்கூட ஆகல, போன் பண்ணி “மாமா, ஒரு அம்மா ஜீபே பண்ணிட்டேன்றாங்க, எனக்கு வரல, கூட்டம் சேந்துடுச்சு, என்ன பண்றது”ன்றான். அன்னிக்கு அவனுக்கு அவசரத்துல சொன்னதையும் அப்புறம் ராத்திரி உக்கார வெச்சு சொன்னதையும் சேத்து இங்க எழுதறேன், புதுசா கல்லால உக்கார்ற யாருக்கும் உதவும்.

மொதல்ல வந்திருக்கறது என்ன மாதிரி பிரச்சனைன்னு பிரிச்சுக்கணும். காசு கட் ஆயிடுச்சு ஆனா கடைக்கு வரல, இது ஒண்ணு. ரெண்டு தடவ போயிடுச்சு, இது ஒண்ணு. வேற யாருக்கோ போயிடுச்சு. பொருள் திருப்பிக் குடுத்தேன், காசு இன்னும் வரல. கடைசியா, “இத நான் பண்ணவே இல்ல”. கேக்கறப்ப எல்லாம் ஒண்ணு மாதிரியே கத்துவாங்க, ஆனா ஒவ்வொண்ணுக்கும் தட்ட வேண்டிய கதவு வேற வேற. என் கடையில பாதிக்கு மேல மொத வகைதான், அதனால அதுலேர்ந்து ஆரம்பிக்கிறேன்.

ஸ்கேன் பண்ணி பின் போட்டா உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா பாதி சண்டை வராது. கஸ்டமர் பேங்க் மொதல்ல அவங்க அக்கவுண்ட்ல காசை கட் பண்ணும், நடுவுல யூபிஐயை நடத்தற என்பிசிஐன்ற அமைப்பு இருக்கு, அது நம்ம பேங்குக்கு “இந்தக் கணக்குல இவ்ளோ போடு”ன்னு சொல்லும், நம்ம பேங்க் “போட்டாச்சு”ன்னு பதில் சொல்லணும். நம்ம பேங்க் சர்வர் திணறி அந்தப் பதில் நேரத்துக்கு வரலைனா கஸ்டமர் சைடுல காசு போயிருக்கும், நம்ம சைடுல வந்திருக்காது, ஸ்கிரீன்ல ‘பென்டிங்’னு மஞ்சக் கலர்ல சுத்திட்டு நிக்கும். சிலது கொஞ்ச நேரம் கழிச்சு நமக்கு வந்து சேரும், சிலது திரும்பி அவங்களுக்கே போயிடும். ஆக அந்தம்மா பொய் சொல்லல, நீங்களும் பொய் சொல்லல, காசு நடுவுல நிக்குது. இத மொதல்ல உங்க மண்டையில ஏத்திக்கங்க, ஏன்னா “ஏமாத்தறாங்க”ன்ற எண்ணம் வந்துட்டா குரல் தானா மாறிடும், அதுக்கப்புறம் எந்த ஸ்டெப்பும் வேலைக்கு ஆகாது.

இன்னொண்ணு, காசு வந்தா “இவ்ளோ ரூபா வந்துடுச்சு”ன்னு கவுண்டர்ல கத்தற அந்தப் பொட்டி. அது சாட்சி கிடையாது. உள்ள ஒரு சிம் இருக்கு, அதுக்கு டவர் வேணும், அந்தக் கம்பெனி சர்வர் வேலை செய்யணும், சார்ஜ் இருக்கணும். காசு ஏறியிருக்கும், பொட்டி வாயத் திறக்காது. நவம்பர், டிசம்பர்ல மழை பிடிச்சு டவர் படுத்துச்சுன்னா சொல்லவே வேணாம். பொட்டி கத்தலைனு கஸ்டமரை நிறுத்தி வெச்சு அசிங்கப்படுத்தின கடைக்காரங்க எனக்குத் தெரிஞ்சே நாலு பேர், அதுல நானும் ஒருத்தன்.

2025 ஜூன் 1, ஞாயித்துக்கிழமை. மறுநாள் ஸ்கூல் திறக்கறாங்க, கடையில கால் வைக்க இடம் இல்ல. ஒரு அம்மா ரெண்டு பசங்களோட வந்து நோட்டு, பிரவுன் ஷீட், ஜாமெட்ரி பாக்ஸ், லஞ்ச் பேக்னு 1,340 ரூபா பில். ஸ்கேன் பண்ணாங்க, அவங்களுக்கு கட் ஆன மெசேஜ் வந்துடுச்சு, பொட்டி கம்முனு இருக்கு. கடைப்பையன் “அக்கா, வரலக்கா, இன்னொரு தடவ போடுங்க”ன்னுட்டான். அந்தம்மா முகம் அப்படியே மாறிடுச்சு, “அக்கவுண்ட்ல இருந்ததே அவ்ளோதாம்ப்பா”ன்னாங்க, சின்னவன் லஞ்ச் பேக்கை நெஞ்சோட கட்டிப் பிடிச்சுட்டு நிக்கறான். நான் போய் நம்பரை எழுதிக்கிட்டு சாமானைக் குடுத்து அனுப்பிச்சேன். ராத்திரி 9:40க்கு அந்த 1,340 ஏறிச்சு. பையன் சொன்ன அந்த வார்த்தை இருக்கே, “இன்னொரு தடவ போடுங்க”, அதை உங்க கடையில யாரும் சொல்லக்கூடாது, மொத ரூலே அதுதான். ரெண்டாவது தடவ போட்டு மொத தடவையும் வந்து சேந்துச்சுன்னா ஒரு பிரச்சனை ரெண்டாயிடும்.

சரி, என்னதான் பண்ணணும்?

கவுண்டர்ல ஒரு நோட்டு வெச்சிருங்க, நாப்பது பக்கம் போதும். பிரச்சனைன்னு யாராவது நின்னா அவங்க ஸ்கிரீனைப் பாத்து அமவுண்ட், நேரம், எந்த பேங்க், அப்புறம் யூபிஐ டிரான்சாக்‌ஷன் நம்பர் அல்லது யூடிஆர்னு போட்டிருக்கற 12 இலக்க நம்பர், இந்த நாலையும் எழுதுங்க. நேரா ஸ்கிரீன்ஷாட் வாங்கிக்காதீங்க, ஆப்பைத் திறந்து ஹிஸ்டரிக்குள்ள போய் காட்டச் சொல்லுங்க. சில ஆப்புல அது போக இன்னொரு நீள ஐடி எழுத்தும் நம்பருமா இருக்கும், அது அந்த ஆப்போட சொந்த நம்பர், பேங்குல போய் அதைச் சொன்னா முழிப்பாங்க. 12 இலக்கம்தான் ரெண்டு பேங்குக்கும் பொதுவான பாஷை.

அந்த நம்பர்ல ஒரு சூட்சுமம் இருக்கு. பெரும்பாலும் மொத இலக்கம் வருஷத்தோட கடைசி நம்பர், அடுத்த மூணு இலக்கம் அந்த வருஷத்துல அது எத்தனாவது நாள்ன்றது. ஜூன் 14 சனிக்கிழமை ஒருத்தர் வந்து பேக் எடுத்துட்டு, காசு போட்டுட்டேன்னு போனைக் காட்டினார். தேதி இருக்கற இடம் மட்டும் கட் ஆகியிருந்துச்சு. நம்பர் 5152ன்னு ஆரம்பிக்குது. 2025ல 152வது நாள்னா ஜூன் 1. அன்னிக்கு 14, அதாவது 165வது நாள். “சார், இது ஸ்கூல் திறக்கறதுக்கு முந்தின நாள் நீங்க நம்ம கடையில பண்ணதாச்சே, இன்னிக்குப் பண்ணதைக் காட்டுங்க”ன்னு சாதாரணமாத்தான் கேட்டேன், வேற எதுவும் சொல்லல, அவரும் “ஓ, பழசா”ன்னுட்டு கேஷா எடுத்துக் குடுத்துட்டுப் போயிட்டார். எல்லா ஆப்புலயும் இந்தக் கணக்கு அப்படியே வரும்னு சொல்ல மாட்டேன், அதை மட்டும் வெச்சு யாரையும் திருடன்னு முடிவு பண்ணிடாதீங்க. கேள்வி கேக்க ஒரு காரணம், அவ்ளோதான்.

நம்பர் எழுதினதும் உங்க சைடைப் பாக்கணும். பொட்டி இல்ல, எஸ்எம்எஸ் இல்ல, மெர்ச்சன்ட் ஆப்புக்குள்ள (க்யூஆர் கம்பெனி கடைக்காரங்களுக்குக் குடுக்கற ஆப்) போய் இன்னிக்கு லிஸ்ட், இல்ல பேங்க் ஆப்புல ஸ்டேட்மெண்ட். இங்க புதுசா வர்றவங்க ஒரு இடத்துல குழம்புவாங்க: க்யூஆர் கம்பெனி மூலமா வாங்கறவங்களுக்கு சில சமயம் காசு அன்னன்னிக்கு பேங்க் கணக்குக்கு வராது, மறுநாள் மொத்தமா செட்டில்மெண்ட் ஆகும், அப்ப பேங்க் ஸ்டேட்மெண்ட்ல தேடினா 1,340ன்னு தனியா இருக்கவே இருக்காது. அதனால மெர்ச்சன்ட் ஆப்புல தேடுங்க. அதே மாதிரி கஸ்டமருக்கு பேங்க் மெசேஜ் வரலைன்றதாலயே அவர் காசு போடலைன்னு அர்த்தம் இல்ல, யூபிஐ லைட்ல (ஆப்புக்குள்ளயே முன்கூட்டி காசு போட்டு வெச்சு செலவு பண்றது) 1,000 ரூபா வரைக்கும் பின் இல்லாமலே போகும், அந்தச் சின்னச் சின்ன பேமெண்ட் எல்லாம் பாஸ்புக்ல ஒவ்வொண்ணா ஏறாது.

சாமானைக் குடுக்கறதா வேணாமாங்கறது உங்க இஷ்டம், ரூல் ஒண்ணும் இல்ல. நான் தெரிஞ்ச முகம்னா குடுத்துடுவேன். தெரியாதவங்கன்னா சின்ன அமவுண்ட்டா இருந்தா போகட்டும்னு குடுத்துடுவேன், பெருசுன்னா பையைக் கட்டி பேர் எழுதி ஓரமா வெச்சுட்டு, துண்டுச் சீட்டுல நம்பரையும் நம்ம கடை சீலையும் போட்டுக் குடுத்து, “காசு நடுவுல நிக்குதும்மா, எங்கயும் போகாது, வந்ததும் போன் பண்றேன், திரும்பி உங்களுக்கே வந்துட்டா நீங்க சொல்லுங்க”ன்னு சொல்லிடுவேன். சீல் போட்ட சீட்டு கையில இருந்தா ஜனங்களுக்கு ஒரு தெம்பு வரும், எத்தனையோ தடவ பாத்துட்டேன்.

எத்தனை நாள் வெயிட் பண்ணணும்னு கேப்பாங்க, கரெக்டா சொல்லத் தெரியணும். ரிசர்வ் பேங்க் 2019 செப்டம்பர்ல ஒரு சர்க்குலர் போட்டு அதே வருஷம் அக்டோபர் 15லேர்ந்து அமலுக்குக் கொண்டு வந்துச்சு. ஆள்கிட்டேர்ந்து ஆளுக்கு அனுப்பற யூபிஐ, ஐஎம்பிஎஸ்ல (பேங்க் கணக்குலேர்ந்து கணக்குக்கு உடனே அனுப்பறது) காசு கட் ஆகி அந்தப் பக்கம் ஏறலைனா மறுநாளைக்குள்ள திரும்பிடணும். கடைக்குப் போட்டு கடைக்கு கன்ஃபர்மேஷன் வரலைனா அஞ்சு நாளுக்குள்ள. கார்டு மெஷின்ல தேச்சு ஸ்லிப் வராம காசு மட்டும் போயிருந்தா அதுக்கும் அஞ்சு நாள், ஏடிஎம்ல பணம் வராம கட் ஆனாலும் அதே அஞ்சு. பேமெண்ட் பண்ண நாளைச் சேக்காம எண்ணணும், லீவு நாளும் கணக்குல வரும். அதைத் தாண்டினா ஒரு நாளைக்கு 100 ரூபா பேங்க் கஸ்டமருக்குக் குடுக்கணும், அவங்க கேக்காமலே குடுக்கணும்னுதான் எழுதியிருக்கு. கேக்காம குடுத்து நான் பாத்ததில்ல, அதனால கஸ்டமர்கிட்ட “கேளுங்க”ன்னு சொல்லிடுங்க. அந்த 100 கடைக்காரர் பாக்கெட்லேர்ந்து இல்ல, அதையும் தெளிவா சொல்லிடணும், இல்லேன்னா உங்ககிட்ட வந்து நிப்பாங்க. நிறைய சின்னக் கடையில சொந்த சேவிங்ஸ் அக்கவுண்ட் க்யூஆரையே ஒட்டி வெச்சிருக்காங்க, அப்ப அது கடைக்குப் போட்ட பேமெண்ட்டா இல்லாம ஆளுக்கு அனுப்பினதா ஆகிடலாம், ஒரு நாளா அஞ்சு நாளான்னு அங்கதான் மாறும்.

நாள் தாண்டிடுச்சுன்னா கஸ்டமர் மொதல்ல அவங்க ஆப்புல அந்த பேமெண்ட்டைத் தொட்டு ஹெல்ப்புக்குள்ள போய் கம்ப்ளைண்ட் போடணும், அது அவங்க பேங்குக்குப் போகும். நம்ம சைடு கணக்குல ஏறலைனு நாமளும் நம்ம பேங்க்ல எழுத்துல குடுக்கலாம். வாயால சொல்லிட்டு வராதீங்க, மெயில் பண்ணி கம்ப்ளைண்ட் நம்பர் வாங்குங்க. ஒரு பிராஞ்சுல மூணு நாள் “நாளைக்கு வாங்க”ன்னு என்னை அலைய விட்டாங்க, நாலாவது நாள் ரெண்டு வரி மெயில் போட்டேன், சாயங்காலமே போன் வந்துச்சு. 30 நாள் ஆகியும் பதில் இல்லேன்னா, இல்ல பதில் திருப்தி இல்லேன்னா ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மேன்கிட்ட, அதாவது பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கற அதிகாரிகிட்ட போகலாம், காசு எதுவும் கட்ட வேணாம், வக்கீல் வேணாம். சிஎம்எஸ் டாட் ஆர்பிஐ டாட் ஓஆர்ஜி டாட் இன்னு ஒரு சைட் இருக்கு, 14448க்கு போன் பண்ணியும் எப்படின்னு கேக்கலாம். பெரியவங்க சில பேர் பீச் ஸ்டேஷன்ல இறங்கி ராஜாஜி சாலை ஆர்பிஐ பில்டிங் வாசல்ல போய் நிக்கணும்னு நெனச்சுட்டு இருப்பாங்க, அந்த வெயில்ல அவங்களை அலைய விடாதீங்க, போன்லயே போட்டுக் குடுங்க.

ரெண்டு தடவ போன கேஸ்ல நான் சூடு பட்டிருக்கேன். ஒருத்தர் 860 ரூபா ரெண்டு தடவ கட் ஆன மெசேஜைக் காட்டினார், ரெண்டுமே உண்மையான மெசேஜ்தான், பாவம் அவரும் ஏமாத்த வரல. எனக்கு கூட்ட நேரம், ரெண்டும் வந்திருக்கும்னு நெனச்சு கல்லாலேர்ந்து 860ஐ எடுத்து நீட்டிட்டேன். ராத்திரி கணக்குப் பாத்தா ஒண்ணுதான் வந்திருக்கு. ரெண்டாவது நடுவுல நின்னு மறுநாள் அவருக்கே திரும்பிப் போயிருக்கும், ஆக அவருக்கு பொருள் இலவசம். அவர் நம்பர்கூட நான் வாங்கல. அன்னிக்குத்தான் அந்த நாப்பது பக்க நோட்டு வாங்கினேன், கடையில ரேக்கு முழுக்க நோட்டை அடுக்கி வெச்சுட்டு நமக்குன்னு ஒண்ணு வெச்சுக்கல பாருங்க. இப்ப ரெண்டும் என் லிஸ்ட்ல இருந்தா மட்டும்தான் திருப்புவேன், அதுவும் மெர்ச்சன்ட் ஆப்புல அந்த ரெண்டாவது பேமெண்ட்டைத் தொட்டு ரீஃபண்ட் குடுப்பேன், வந்த வழியிலயே போகும். கேஷா கிடையாது.

பொருள் ரிட்டர்னுக்கும் இதே வழிதான், கார்டுல வாங்கினா கார்டுக்கே. கார்டு ரீஃபண்ட் ஏற சில நாள் ஆகும், ரீஃபண்ட் ஸ்லிப்பைக் கையில குடுத்துடுங்க.

தப்பா வேற யாருக்கோ போட்டுட்டாங்கன்னா நாம பண்றதுக்கு ஒண்ணும் இல்ல, அவங்க பேங்க்ல சொல்லணும், வாங்கினவர் சம்மதிக்காம பேங்க் அதைப் பிடுங்கித் தராது. ஆனா காசு உங்களுக்கு தப்பா வந்து “அண்ணே, 5,000 தெரியாம போட்டுட்டேன், இந்த நம்பருக்கு அனுப்பிடுங்க”ன்னு போன் வந்தா உஷார். மொதல்ல அப்படி ஒரு காசு வந்திருக்கான்னு லிஸ்ட்ல பாருங்க, பாதி பேர் போலி எஸ்எம்எஸ்தான் அனுப்புவாங்க. உண்மையாவே வந்திருந்தாலும் வேற நம்பருக்கு அனுப்பாதீங்க, “உங்க பேங்க் மூலமா கேளுங்க, குடுத்துடறேன்”னு சொல்லிடுங்க. அந்தக் காசு எவனோ எவர்கிட்டயோ ஏமாத்தினதா இருந்தா, நீங்க திருப்பினது ஒரு பக்கம் போயிருக்கும், ஒரிஜினல் காசுக்கு உங்க கணக்கைப் பூட்டிடுவாங்க.

க்யூஆர் மேல வேற க்யூஆர் ஒட்டிட்டுப் போற வேலையும் நடக்குது. டெய்லி ஷட்டர் தூக்கினதும் உங்க போன்லயே ஸ்கேன் பண்ணி உங்க பேர் வருதான்னு பாருங்க, பத்து செகண்ட் வேலை. கஸ்டமர் அந்த ஸ்டிக்கர்ல காசு போட்டுட்டா அவங்க மேல கோவப்பட்டுப் பிரயோஜனம் இல்ல, உங்க கவுண்டர்ல இருந்ததைத்தான் ஸ்கேன் பண்ணாங்க, அந்த நஷ்டத்தை நீங்கதான் ஏத்துக்கணும்னு நான் சொல்வேன், பக்கத்துக் கடைக்காரர் ஒத்துக்க மாட்டார்.

அடுத்து சார்ஜ்பேக். கஸ்டமர் வீட்டுக்குப் போனப்புறம் அவங்க பேங்க்ல “இத நான் வாங்கல”னோ “பொருள் வரல”னோ சொன்னா, அது உங்களுக்கு மெயிலாவோ ஆப்புல நோட்டிஃபிகேஷனாவோ வரும், பதில் சொல்ல ஒரு கெடு போட்டிருக்கும். அந்த மெயிலைப் பாக்காம விட்டா அமவுண்ட் உங்க செட்டில்மெண்ட்லேர்ந்து கட் ஆகிடும், அப்புறம் மல்லுக்கட்டறது கஷ்டம். பில் காப்பி, ஸ்லிப், டெலிவரினா வாங்கினவர் கையெழுத்து, கேமரா இருந்தா அந்த நேரத்து க்ளிப், இவ்ளோ போதும், கதை எழுத வேணாம். கார்டுல 5,000 வரைக்கும் பின் இல்லாம தட்டினாலே போகும்ன்றதால கார்டு தொலைஞ்சு போய் வேற எவனோ தட்டின கேஸும் வரும், அதுக்கு கேமராதான். கேமரா பழைய பதிவை அழிச்சுடும், அதனால பிரச்சனை வந்த அன்னிக்கே எடுத்து வெச்சுடுங்க.

“நான் பண்ணவே இல்ல, அக்கவுண்ட்லேர்ந்து போயிருக்கு”ன்னு கஸ்டமர் பதறிட்டு வந்தா அது உங்க கடை சண்டை இல்ல, ஆனா நிமிஷக் கணக்கு. அங்கயே அவங்க போன்லேர்ந்து 1930 போடச் சொல்லுங்க, சைபர் க்ரைம் ஹெல்ப்லைன், அப்புறம் பேங்குக்கு. 2017ல ரிசர்வ் பேங்க் போட்ட ரூல்படி, பேங்க் மேலயும் தப்பு இல்லாம கஸ்டமர் மேலயும் தப்பு இல்லாம வெளிய எங்கயோ ஓட்டை விழுந்து போன காசுன்னா, பேங்க் மெசேஜ் வந்து மூணு வொர்க்கிங் டேக்குள்ள சொல்லிட்டா கஸ்டமருக்கு நஷ்டம் இல்ல. நாலுலேர்ந்து ஏழு வொர்க்கிங் டேன்னா சாதாரண சேவிங்ஸ் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 வரைக்கும் அவங்க தலையில விழலாம். ஓடிபி, பின்னை அவங்களே குடுத்திருந்தா சொல்ற வரைக்கும் போன காசு அவங்களோடது, சொன்னதுக்கு அப்புறம் போனா பேங்கோடது. அதனாலதான் “வீட்டுக்குப் போய் பையனைக் கேட்டுட்டு”ன்னு அவங்க இழுக்கறப்ப நான் விட மாட்டேன், கடை ஸ்டூல்லயே உக்கார வெச்சு போன் போட வெச்சுடுவேன்.

இதோட மறுபக்கம் நம்ம தலையில விழும். எவனோ ஏமாத்தின காசுல உங்க கடையில ஒரு பேக் வாங்கிட்டுப் போயிருப்பான், பத்து நாள் கழிச்சு ஏதோ வட மாநிலத்துலேர்ந்து கம்ப்ளைண்ட் வந்து உங்க கணக்குல அந்த அமவுண்ட்டை ஹோல்ட் பண்ணுவாங்க, சில சமயம் மொத்தக் கணக்கும் பூட்டு. பேங்க்ல போய் கத்தாதீங்க, நாலு விஷயம் கேட்டு வாங்குங்க: கம்ப்ளைண்ட் அக்னாலெட்ஜ்மெண்ட் நம்பர், எந்த ஸ்டேட் எந்த ஸ்டேஷன், எவ்ளோ அமவுண்ட், எந்த டிரான்சாக்‌ஷன். அப்புறம் அந்த பில்லையும் ஸ்டாக் கணக்கையும் சேத்து அந்த ஸ்டேஷனுக்கு மெயில், காப்பி பேங்குக்கு. பிரச்சனை 900 ரூபான்னா 900ஐ மட்டும் ஹோல்ட் பண்ணிட்டு மிச்சத்தை விடுங்கன்னு எழுத்துல கேளுங்க. முன்னாடி சிஆர்பிசின்ற குற்ற விசாரணைச் சட்டத்துல 102, இப்ப அதுக்குப் பதிலா வந்த பிஎன்எஸ்எஸ்ல 106ன்ற செக்‌ஷன்லதான் பெரும்பாலும் பூட்டுவாங்க, பெரிய அமவுண்ட்டா இருந்தா இதுக்கு மட்டும் வக்கீலைப் பாருங்க. சப்ளையருக்குக் குடுக்கற கணக்கையும் க்யூஆர் கணக்கையும் தனித்தனியா வெச்சுக்கங்க, ஒண்ணு பூட்டினாலும் கடை ஓடும். மச்சினன் பையன் இன்னும் ரெண்டையும் ஒண்ணாத்தான் வெச்சிருக்கான், சொன்னா “பாக்கறேன் மாமா”ன்றான்.

அவன் கடையில அன்னிக்கு நின்ன அந்தம்மா என்ன ஆனாங்கன்னு கேப்பீங்க. 640 ரூபா. அவன் நம்பரை எழுதிக்கிட்டு, சீட்டு குடுத்து, பையைக் கட்டி ஓரமா வெச்சான். ரெண்டு நாள் கழிச்சு அந்தம்மாவே வந்து “எனக்கே திரும்பி வந்துடுச்சுப்பா”ன்னு சொல்லி கேஷா குடுத்துட்டு பையை வாங்கிட்டுப் போனாங்களாம், போறப்ப அவன் எழுதிக் குடுத்த சீட்டையும் திருப்பிக் குடுத்தாங்களாம். அதை நோட்டுல பின் அடிச்சு வெச்சிருக்கான்.